பங்குனி ஞாயிறும் பச்சைக் கொட்டையும்

அறுபதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். சின்னவர்கள் படித்தால் 'இவ்வளவுதானா' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்குள்ளும் எங்கேயோ ஒரு மூலையில் இதுபோல ஒன்று கிடக்கும் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கிடக்கவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலிகள். என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ரிட்டயர் ஆனபிறகு எல்லா நாளும் ஞாயிறுதான் என்பார்கள். சும்மா சொல்வது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு அமைதி இருக்கிறது, அது மற்ற நாளில் வராது. போன வாரம், பங்குனி ஞாயிறு, கடலூரில் எங்கள் தெருவில் ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஸ்கூட்டர் சத்தம்கூட இல்லை. கறிக்கடைக்குப் போனவர்கள் போய் வந்துவிட்டார்கள். வாசல் வேம்பு பூவாய் உதிர்த்துக்கொண்டிருந்தது; பெருக்கின இடத்திலேயே மறுபடி விழுந்தது. இவர் பேப்பரை மார்மேல் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். சென்னையில் இருக்கும் மகன் பத்து மணிக்குப் போன் செய்வான். 'சாப்பிட்டியாம்மா' என்பான், 'ஆச்சுப்பா' என்பேன். இன்னொரு வாரம் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைக்கும்.

அன்றைக்கு அவன் போனுக்கு முன்னால் மாடி வீட்டுப் பெண் வேப்பிலை கேட்டு இறங்கி வந்தாள். பையனுக்கு அம்மையாம். "டாக்டர் மாத்திரை குடுத்துட்டாரு மேடம். இது சும்மா, எங்க மாமியார் சொன்னாங்கன்னு" என்று சிரித்தாள். ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்தேன். மேலே பையன் போனில் ஏதோ விளையாட்டை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். அவன் அப்பா பனியனோடு பைக் கழுவினார். திங்கட்கிழமை அவர் ஆபீஸ் போவார், அவள் லீவு போடுவாள், அந்த வாரக் கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு வீட்டில் அம்மை வந்தால் இப்போது இவ்வளவுதான். நான் கையில் வேப்பிலை வாசனையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். ஐம்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது தொண்டைக்கு வந்துவிட்டது. இவரை எழுப்பிச் சொல்லிவிட்டு அன்றைக்கே சிதம்பரம் பஸ் ஏறினேன். அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் செய்தது.

அப்போது நாங்கள் காடாம்புலியூரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. பங்குனி பிறந்தால் ஊரே முந்திரிப்பழ நாற்றம். நாற்றம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். புளித்து, இனித்து, மூக்குக்குள் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடச் சட்டையில் பழச்சாறு சொட்டினால் சட்டை கிழியும்வரை அந்தக் கறை இருக்கும். பழத்தை நாங்கள் தின்னலாம், கொட்டையைத் திருகிப் பெரியவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். பச்சைக் கொட்டையின் தோலை நசுக்கினால் எண்ணெய் மாதிரி ஒன்று கசியும். நாங்கள் அதைப் பால் என்போம். பட்ட இடம் வெந்துபோகும். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பேச்சு வரும்போதே இது தெரிந்துவிடும். என் அம்மா சீசன் முழுக்கக் கொட்டை உடைப்பாள். உட்காரும் முன் உள்ளங்கை இரண்டிலும் சாம்பலை அப்பிக்கொள்வாள். அப்படியும் அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்து கிடக்கும்.

அப்பாவின் கடைசித் தங்கை எங்களோடு இருந்தாள். பத்தொன்பது வயது. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பெண் அத்தை ஒருத்திதான். நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப்போட்டிருந்தாள். கடலூரில் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச்சொல்லிக் கார்டு வந்திருந்தது. அந்தக் கார்டை என்னிடம் கொடுத்து நாலு தடவை உரக்கப் படிக்கச் சொன்னாள். அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு வெட்டி, நர்ஸம்மாக்கள் தலையில் வைக்கிற குல்லாவைப்போலத் தைத்து, கஞ்சி போட்டு, என் தலையில் வைத்துப் பார்த்தாள்.

"நீ வெச்சுக்கோ அத்தை" என்றேன்.

"எனக்கு இன்னும் குடுக்கல இல்ல பாப்பா? அவுங்க குடுத்தப்புறம் வெச்சுக்கறேன்" என்றாள்.

எனக்கு ஜடை பின்னுவது, முதுகு தேய்ப்பது, சிலேட்டில் கழித்தல் கணக்குப் போட்டுக் காட்டுவது எல்லாம் அவள்தான். என் அம்மாவுக்குக் கொட்டையும் மாடும் போக மிச்ச நேரம் கிடையாது. இடம் கிடைத்தால் அத்தைக்கு மூன்று வருஷம் ஹாஸ்டல் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிற்பாடு மழுப்பிவிடக்கூடாது என்பதற்காக.

புதனுக்கு முந்தின ஞாயிறு. மத்தியானம் பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் கண்ணயர்ந்தார்கள். தோப்பில் ஓர் இலை அசையவில்லை. நான் அத்தையின் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டேன். நர்ஸ் இருந்தால் நோயாளி வேண்டும், தங்கையைக் கொல்லையில் கோணிமேல் படுக்கவைத்தேன். நோயாளி இருந்தால் நோய் வேண்டும். அடுத்த தெருவில் அந்த மாதம் மூன்று வீடுகளில் வேப்பிலை கட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த நோய் அதுதான்.

பச்சைக் கொட்டை நாலை எடுத்துக் கல்லில் வைத்துக் குத்தினேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவி, தொட்டுத் தொட்டு அவள் வயிற்றிலும் முதுகிலும் தோளிலும் புள்ளி வைத்தேன். குச்சி நுனி அளவுதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை காலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் முகத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. முகம் கெட்டுப்போகும் என்று அந்த ஒன்பது வயதுக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். பிறகு வேப்பங்கொத்தால் விசிறி, "ஒண்ணும் இல்லம்மா, சரியாப் பூடும்" என்று அத்தை குரலில் சொன்னேன். தங்கை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

சாயங்காலம் எரிகிறது என்று அழ ஆரம்பித்தாள். கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் கழுவினேன். "யாருகிட்டயாவது சொன்ன, உன் வயித்துல முந்திரி மரம் மொளைக்கும்" என்றேன். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சொல்லமாட்டேன் என்று தலையாட்டியது.

திங்கட்கிழமை விடிந்தபோது புள்ளியெல்லாம் நீர் கோத்துக் கொப்புளமாக நின்றது. வெயிலோ பயமோ, உடம்பும் கொதித்தது. அம்மா அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து இன்னொரு தடவை பார்த்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்துவிட்டார். பூசாரி வாசற்படியிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா வந்திருக்கா. மூஞ்சிய வுட்டுட்டா பாரு, தயவுக்காரி" என்றார்.

அவ்வளவுதான். ஆத்தா என்று ஒருவர் வாயால் வந்துவிட்டால், இல்லை என்று சொல்ல எந்த வீட்டிலும் ஆள் கிடையாது. சந்தேகப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும், கோபத்தைக் குழந்தைமேல்தான் காட்டுவாள். முந்திரித் தோப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கொட்டைப்பால் கொப்புளத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள்.

வாசலில் வேப்பிலை ஏறியது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டாள் படி தாண்டிப் பயணம் போகக்கூடாது, தலை வாரக்கூடாது, எண்ணெய்ச் சட்டி வைத்துத் தாளிக்கக்கூடாது. தங்கையை வாழையிலையில் படுக்கவைத்தார்கள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்தது, கேட்பது ஆத்தா ஆயிற்றே. இளநீர் கேட்டாள், வந்தது. பனஞ்சர்க்கரை கேட்டாள், வந்தது. அப்பாவை ஆடச் சொன்னாள். ஊரில் யாரோடும் சிரித்துப் பேசாத அப்பா வேப்பங்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று ஆடினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தை அப்பா எதிரில் போய் நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாளுதான். மொத பஸ்ஸுல போயிட்டுப் பொழுதோட வந்துடறேன்."

"இன்னா பேசற நீ? வூட்ல ஆத்தா இருக்கச் சொல்ல படி தாண்டுவியா?"

"கொல்லப்பக்கமா போறேண்ணே. யாருக்கும் தெரியாது."

"ஆத்தாளுக்குத் தெரியாதா? புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

"அவுங்க இன்னொரு தபா கூப்புட மாட்டாங்கண்ணே."

"படிச்ச பொண்ணுதானே நீ? ஒரு கடுதாசி எழுதிப் போடு. வூட்ல அம்மைன்னா அவுங்களுக்குப் புரியாதா? மனுசங்கதானே அவுங்களும்" என்றார் அப்பா. கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. கடுதாசி போட்டால் போதும் என்று நிஜமாகவே நம்பினார்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றது நான்தான், அதனால் இருக்கலாம். 'நான்தான் செஞ்சேன்' என்று அந்த இடத்தில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நாலு அடி விழுந்திருக்கும், மிஞ்சிப்போனால் காலில் ஒரு சூடு. அவள் விடிகாலை பஸ் ஏறியிருப்பாள். பயத்தால் வாயைத் திறக்கவில்லை என்றால் மன்னித்துவிடலாம், சின்னப் பெண்தானே. பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அத்தை போகமாட்டாள் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தங்கைக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். பழக்கத்தில் அவள் கை என் தலையைக் கோதியது.

தங்கைக்குத் தலையில் மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைத்தார்கள். அத்தை கடுதாசி போட்டாள், பதில் வரவில்லை. மறுபடி போட்டாள். வைகாசியில் குமராட்சிப் பக்கம் ஒரு நெல் விவசாயிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா நல்ல மனிதர்தான். அந்தக் குல்லா என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கிற துணியாகக் கொஞ்ச நாள் பார்த்த ஞாபகம்.

கொள்ளிடத்துத் தண்ணீர் இரண்டு தடவை வீட்டுக்குள் வந்துபோனபிறகு மாமாவும் அத்தையும் சிதம்பரத்துக்குக் குடிவந்தார்கள். அத்தை ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தெட்டு வருஷம் தரை துடைத்தாள், பெட்பேன் எடுத்தாள், பிள்ளை பெற்றவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். என் பிரசவத்துக்கு அங்கேதான் என்னைச் சேர்த்தார்கள். ஒரு நாள் மத்தியானம், இருபது வயதுகூட இருக்காது, வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் வந்து, "ஆயா, கட்டிலுக்கு அடியில தொடைக்கல பாருங்க" என்றாள். அத்தை குனிந்து என் கட்டிலுக்கு அடியில் துடைத்தாள். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

நான் டீச்சர் ஆனேன். முப்பத்திரண்டு வருஷம், 'தப்பு செஞ்சா எழுந்து ஒத்துக்கணும்' என்று பிள்ளைகளை நிறுத்திவைத்து மிரட்டினேன். தங்கை பாண்டிச்சேரியில் இருக்கிறாள். அவள் வயிற்றில் இன்னும் ஏழெட்டு வடு உண்டு. "எனக்கு ஆத்தா வெளையாடின ஒடம்பு" என்று மருமகளிடம் பெருமையாகக் காட்டுவாள். நான் மிரட்டினது அவளுக்கு நினைவே இல்லை.

என் அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது. தன் விரலில் தினம் பார்த்த புண்ணை மகள் உடம்பில் அவளுக்கு அடையாளம் தெரியாமலா இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சீசன் நேரத்தில் வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தாளோ, பூசாரி சொன்னபிறகு பயந்துபோனாளோ, தெரியாது. பழியில் பாதியை அவள் பக்கம் தள்ளப் பார்க்கிறேனோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பஸ்ஸில் கூட்டமில்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரை சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படிச் சொன்னாலும் ஒரு இடத்தில், 'சின்னப் புள்ளதானே நான்' என்று வந்து நின்றது. அந்த வரியை எடுத்துவிட்டுச் சொல்ல முடியுமா என்று பார்த்தேன்.

மாமா போனபிறகு அத்தை கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள். எழுபத்து நாலு வயது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடி பாப்பா! ஞாயித்துக்கெழம அதுவுமா ஒரு போன்கூடப் போடாம? அவரு நல்லா இருக்காரா? கையக் கழுவு, சாப்புடலாம். உனக்குத்தான் எறங்குமோ என்னமோ. இன்னிக்குத் தாளிக்கல. கீரைய வேகவெச்சுக் கடைஞ்சிருக்கேன், அவ்ளோதான்."

"ஏன் அத்தை?"

"பங்குனி ஞாயிறாச்சே. நம்ம வூட்டுக்கு ஆத்தா வந்தது பங்குனியில இல்ல? அதுலேந்து பங்குனி ஞாயிறுன்னா எண்ணெச் சட்டி வெக்க மாட்டேன். இத்தினி வருசத்துல ஒரு தபாகூட வெச்சதில்ல. உங்க மாமா இருக்கச் சொல்ல மொணகிக்கிட்டே துன்னுவாரு."

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"அப்ப ரொம்ப அழுதேன் பாப்பா. ஆத்தா எதுக்கு என்னைத் தடுத்தான்னு. அன்னிக்குக் கடலூர் போன மொத பஸ்ஸு எங்கனா கவுந்துச்சான்னுகூட விசாரிச்சேன். ஒண்ணும் கவுந்துடல. நல்லாத்தான் போயி வந்திருக்கு." சிரித்தாள். "சரி, வேற எதுனா இருக்கும், நமக்குத் தெரிய வாணாம்னு வெச்சிருப்பான்னு வுட்டுட்டேன். ஆனா அவளே நம்ம வூடு தேடி வந்து, நில்லுடின்னு சொன்னா பாரு. யாருக்குக் கெடைக்கும்? ஆஸ்பத்திரில அம்மை கேஸு வந்தா நர்ஸுங்கல்லாம் ஒதுங்குவாளுங்க. நான்தான் உள்ள போவேன். அவளுக்கு என்னைத் தெரியும்னு சொல்லுவேன்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது அவள்மேல் இரக்கமா, மறுபடியும் நான் தப்பித்துக்கொள்கிற வழியா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அத்தை முதலில் நம்பவில்லை.

"அடப் போடி. கொட்டப்பால் எது, ஆத்தா எதுன்னு உங்கம்மாளுக்குத் தெரியாதா? பூசாரி பொய் சொல்லுவாரா? எதையோ எதோடயோ போட்டுக் கொழப்பிக்கற."

"இல்ல அத்தை. கொல்லையில கோணி மேல படுக்க வெச்சு, ஈர்க்குச்சியால வெச்சேன். நாலு கொட்டை."

"மூஞ்சில?"

"மூஞ்சில வெக்கல."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

"எதுக்குடி வெச்ச?"

"நர்ஸ் வெளையாட்டு அத்தை. உன் குல்லாவ மாட்டிக்கிட்டு. நான்தான் நீ. தங்கச்சி பேஷண்ட்டு."

சந்தில் யாரோ ஒரு குடத்தை இறக்கிவைத்தார்கள். அத்தை தன் கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பினாயிலும் வெந்நீரும் பட்டுத் தேய்ந்த கை.

"அப்ப, ஆத்தா வரல" என்றாள்.

"வரல அத்தை."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு. கீரை சப்புன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

அடுப்பைப் பற்றவைத்து, மேல் பலகையிலிருந்து சின்ன வாணலியை எடுத்து வைத்தாள். எண்ணெயை ஊற்றினாள். காய்வதற்குக் காத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். 'வேண்டாம் அத்தை' என்று எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்கலாம். என்ன சொல்லிப் பிடிப்பது? டப்பாவைத் திறந்து கடுகை எடுத்துப் போட்டாள். படபடவென்று வெடித்தது. அந்தச் சின்ன அறை முழுக்கத் தாளித்த வாசனை வந்துவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நீ போகவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது அத்தை, உன் மடியில் படுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன் அத்தை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் வாய் வரவில்லை. அவள் எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுத் தாளித்த கீரையை ஊற்றினாள். தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கு அத்தை" என்றேன். அத்தை பிசைந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.